என் அழுகையைத் திருப்பிக் கொடு

எதையாவது பேசிக்கிட்டே இருங்கன்னா என்னத்தம்மா பேசறது? பேசாதேன்னு சொல்லு, கஷ்டப்பட்டாவது கேப்பேன். பேசுன்னு சொன்னா வாய் அடைச்சுக்குது. மைக்குன்னு இந்தக் கருப்புக் குச்சி வேற மூக்குக்கு நேரா நீட்டிக்கிட்டு நிக்குது. ஷாக் அடிக்காதே? நிச்சயமா? எதுக்கும் கொஞ்சம் தள்ளியே உக்காந்துக்கறேன்.

லெவல் பாக்கணும்ங்கறே. லெவல்னா சத்தம் கூடவா குறைவான்னு பாக்கறதா? கூடத்தாம்மா இருக்கும். நான் கொல்லையில பேசினா தெருக்கோடியில பதில் சொல்லுவாங்க.

உன் பேரென்ன? பர்வீனா. நல்ல பேரு. கல்யாணம்... சரி, கேக்கல. கேக்கக்கூடாதுன்னு என் மகன் தினா சொல்லிக் கூட்டிட்டு வந்திருக்கான். "சென்னையில யாரையும் கல்யாணம் ஆச்சான்னு கேக்காதேம்மா"ன்னான். அப்புறம் என்னத்தடா கேக்கறதுன்னேன்.

அவனும் ஜோயலும் கீழே டீக்கடைக்குப் போயிருக்கானுங்க. டீ குடிக்க இல்லை, சண்டை போட. என் முன்னாடி போட மாட்டானுங்களாம், மரியாதையாம். அவனுங்க வர்றதுக்குள்ள உன்கிட்ட சொல்லிடறேன். மிஷினு உன் கையில இருக்கு, நீ மனசு வச்சா ஆகும். எனக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணு. தினா எடுத்த படத்துல இருக்கற என் அழுகையை எடுக்கணும். இன்னைக்குச் சாயங்காலம் படத்தைத் தைவானுக்கு அனுப்பறாங்களாம். அனுப்பிட்டா போச்சு. அப்புறம் காலம் பூரா நான் தைவான்ல உக்காந்து அழுதுக்கிட்டிருப்பேன்.

சிரிக்காதே. முதல்லேர்ந்து சொல்றேன்.

எங்களுக்கு மன்னார்குடி. தினா அப்பா போனதுக்கப்புறம் நானும் அவனும்தான். நான் வீட்டோட ஜாக்கெட் தச்சுக் குடுக்கறேன். ஆறாவதுக்கு மேல எங்க வீட்ல அனுப்பல. இவனை இன்ஜினியரிங் சேத்தேன். பாதியில விட்டுட்டு சினிமான்னான். பெரிய சினிமாவா? அதுவும் இல்லை. நாலு பேர் சேந்து, தெரிஞ்சவங்ககிட்ட கேமராவை வாங்கி, பாட்டு கிடையாது, சண்டை கிடையாது, தியேட்டருக்கும் வராது. "அப்ப யாருடா பாப்பா?"ன்னு கேட்டேன். "பாக்கறவங்க பாப்பாங்கம்மா." இதுதான் பதில்.

போன வருஷம் மழைக்கு முன்னாடி வந்து நிக்கறான். "அம்மா, நம்ம வீட்லயே படம் எடுத்துக்கறேம்மா. வேற வீடு கிடைக்கல."

"என்ன கதைடா?"

"ரெண்டு ஃப்ரெண்ட்ஸ் கதைம்மா. சென்னையில ஒரே ரூம்ல தங்கறாங்க. ஒருத்தன் இன்னொருத்தனைத் தன்னோட ஊருக்குக் கூட்டிட்டு வர்றான்."

"வந்து?"

"வீட்டு வாசல்ல நிக்கறாங்க. அவ்வளவுதான்."

"வாசல்ல நிக்கறதுக்கு எதுக்குடா கேமரா?"

நீயே சொல்லு, நான் கேட்டது தப்பா? அன்னைக்கே இவன் வாயைத் திறந்து விஷயத்தைச் சொல்லியிருந்தா இன்னைக்கு நான் இந்தக் குச்சி முன்னாடி வந்து உக்காந்திருப்பேனா?

சரின்னு ஒரு கூட்டமே வந்து இறங்கிச்சு. ஃப்ரிட்ஜை நிறுத்துங்கம்மா, சத்தம் வருதுன்னான் ஒரு பையன். நிறுத்தினேன். மாவு பொங்கி வழிஞ்சு புளிச்சுப் போச்சு. ஃபேனை நிறுத்துங்கன்னான். வேர்த்து ஊத்திச்சு. கோழி கத்துதுன்னான். அதை நான் எப்படிம்மா நிறுத்தறது?

அந்தக் கூட்டத்துல கேமரா தூக்கிட்டு வந்தவன்தான் இந்த ஜோயல். நாகர்கோவில் பக்கம். எனக்கு முதல் நாளே அவனைப் பாத்துப் பயம் புடிச்சுக்கிச்சு. என்னத்துக்கா? ஒல்லியா ஊதினா விழற மாதிரி இருந்துக்கிட்டு, கேமராவோட எங்க தண்ணித் தொட்டி மேல ஏறி நிக்கறான்! "தம்பி, எறங்குப்பா, பெத்தவங்களுக்கு நான் பதில் சொல்லணும்"னு கீழேர்ந்து கத்தறேன். அவன் அங்கேர்ந்து, "அம்மா, கொஞ்சம் வெள்ளம் தருவீங்களா?"ங்கறான். தண்ணியை வெள்ளம்பான் அவங்க ஊர்ல. ஆனா ஒண்ணு, நல்ல பிள்ளை. மழை வர்ற மாதிரி இருந்தா கேமராவை மூடிட்டு, அடுத்தாப்ல என் கொடித் துணியை எடுத்து உள்ள போடுவான். நான் பெத்தது போட்டிருக்கா ஒரு நாள்?

இப்ப அழுகைக்கு வர்றேன்.

படத்துல அந்தப் பையனோட அம்மா முகமே கிடையாது. நடிக்க ஆள் வைக்க வசதி இல்லை. அதனால கதவை மட்டும் காட்டறது, உள்ள அம்மா அழற சத்தம் மட்டும் கேக்கறதுன்னு வச்சுக்கிட்டானுங்க. தினா என்னை வந்து கேக்கறான். "அம்மா, நீ கதவுக்குப் பின்னாடி நின்னு அழணும்."

"எதுக்கு?"

"மகன் ஒரு விஷயம் சொல்றான். அம்மாவுக்குப் பிடிக்கல."

"என்ன விஷயம்?"

"ஏதோ ஒரு விஷயம்மா. நீ அழு."

"விஷயம் தெரியாம எப்படிடா அழறது? கொழாயா நானு, திறந்தா வர்றதுக்கு?"

"உனக்குத் தெரிஞ்ச வருத்தம் எதையாவது நினைச்சுக்கோ."

எனக்கா வருத்தத்துக்குப் பஞ்சம்? எங்க அக்கா பேத்திக்குக் காதுகுத்து வச்சா. ஊரையெல்லாம் வீட்டுக்கு வந்து குங்குமம் குடுத்து அழைச்சா. எனக்கு மட்டும் பத்திரிகையைப் பால்காரன்கிட்ட குடுத்தனுப்பினா. கூடப் பொறந்தவளுக்கு, பால் பாக்கெட்டோட சேத்து! அதை நினைச்சேன். கதவைச் சாத்தினானுங்க. "ஆக்ஷன்"னான்.

அழுதேன் பாரு! எனக்கே தெரியாது என்கிட்ட அவ்வளவு இருக்குன்னு. "உனக்கு நான் என்னடி கொறை வச்சேன்"னு வாயில வந்திருச்சு, அதை மட்டும் முழுங்கிட்டு அழுதேன். ரெண்டு நிமிஷம் ஆகல, கொல்லை வழியா பக்கத்து வீட்டு ராஜகிளி அக்கா தலையை அவுத்துப் போட்டுக்கிட்டு ஓடி வர்றா. எங்க பக்கம் அழுகைச் சத்தம் கேட்டா என்ன ஏதுன்னு கேக்க மாட்டாங்க. வந்த வேகத்துல கட்டிப்பிடிச்சு ஒப்பாரிதான். அவளும் என் கழுத்தைக் கட்டிக்கிட்டு, "பொன்னான மகராசா, பூவாட்டம் போனியே"ன்னு எடுத்துட்டா. நாலு வரி பாடிட்டு என் காதுல மெதுவா கேக்கறா, "யாருடி போனது?"

"யாரும் போகலக்கா. படம் எடுக்கறாங்க."

"அதை வந்தவுடனே சொல்ல மாட்டியா? மாரு வலிக்குதுடி!"ன்னா. சொல்லிட்டு நிறுத்தினாளா? ஒப்பாரியை எடுத்துட்டுப் பாதியில விட்டா வீட்டுக்கு ஆகாதாம். மிச்சத்தையும் பாடி முடிச்சு, மூக்கைச் சிந்திட்டுத்தான் போனா. ஜோயல் வெளியில தரையில உக்காந்து சிரிக்கறான். மறுபடி ஒரு தடவை, கொல்லைக் கதவைத் தாழ் போட்டுட்டு, அடக்கி அழுதேன். அதுதான் படத்துல இருக்கறது. "அம்மா, உங்களுக்கு அவார்டு உண்டு"ன்னான் ஜோயல். எனக்குப் பெருமையாக்கூட இருந்துச்சும்மா. அதை நினைச்சாத்தான் இப்ப பத்திக்கிட்டு வருது.

அப்புறம் படம் முடிஞ்சு, இங்க சென்னையில ஒரு சின்ன ஹாலுல போட்டுக் காட்டினாங்க. "நீ கட்டாயம் வரணும்மா"ன்னு தினா வந்து கூட்டிட்டுப் போனான். மூணாவது வரிசையில உக்கார வச்சான். முன்னாடி யாரோ உயரமா உக்காந்தா மறைக்குமேன்னு எனக்கு அது ஒரு கவலை.

படம் ஓடுது. ரெண்டு பையன்களும் ரூம்ல ஒண்ணா சமைக்கறாங்க, துணி துவைக்கறாங்க, ஒருத்தனுக்குக் காய்ச்சல்னா இன்னொருத்தன் தூங்காம உக்காந்திருக்கான். சரி, நல்ல ஃப்ரெண்ட்ஸ்னு பாத்துக்கிட்டிருக்கேன். அப்புறம் எங்க மொட்டை மாடி வருது. இவன் அவன் நெத்தியைத் துண்டால துடைக்கறான். ரெண்டு பேரும் பாத்துக்கறாங்க. பாத்துக்கிட்டே இருக்காங்க. அப்புறம் முத்தம் குடுத்துக்கிட்டாங்க. வாயில.

நான் சீட்டு நுனிக்கு வந்து எட்டிப் பாக்கறேன். எதுக்குத் தெரியுமா? அவனுங்களுக்குப் பின்னாடி கொடியில என் பழைய பாவாடை தொங்குது! அதுவும் இடுப்புல ஒட்டுப் போட்டது. காத்துக்கு ஆடுது வேற. அந்த முத்தம் முடியற வரைக்கும் அது ஆடிக்கிட்டே இருக்குது. ஊர்ப்பட்ட துணியை எடுத்து உள்ள போடறவன், அன்னைக்குன்னு பாத்து அதை மட்டும் விட்டிருக்கான்.

அந்தப் பாவாடையைப் பாத்துக்கிட்டு இருந்ததுல எனக்கு விஷயம் உறைக்கக் கொஞ்சம் நேரம் ஆச்சு. ஓகோ, இது அந்த மாதிரியான்னு. அது உறைக்கறதுக்குள்ள எங்க வீட்டு வாசல் வந்துருச்சு. ரெண்டு பையன்களும் நிக்கறாங்க. "அம்மா, இவனோடதான் என் வாழ்க்கை"ன்னு மகன் கதவைப் பாத்துச் சொல்றான். உள்ளேர்ந்து அழுகை வருது. யாரோட அழுகை? என்னோடது! காதுகுத்துக்கு அழுதது! அதைக் கேட்டு அந்தக் கூட வந்த பிள்ளை முகம் அப்படியே வாடுது. மகன் கதவுல கையை வைக்கப் போய், எடுத்துக்கறான். அப்புறம் ரெண்டு பேரும் திரும்பித் தெருவுல நடந்து போயிடறாங்க. படம் முடிஞ்சு போச்சு.

எனக்கு எழுந்து நின்னு கத்தணும் போல இருந்துச்சும்மா. டேய், நில்லுங்கடா, அது உங்களுக்கு அழுதது இல்லடா, எங்க அக்காவுக்கு அழுததுடான்னு. சுத்தி எல்லாரும் கண்ணைத் துடைக்கறாங்க. பக்கத்துல ஒரு பொண்ணு, "எங்க அம்மாவும் இதே மாதிரிதான் அழுதாங்க, ஆண்ட்டி"ன்னு என் கையைப் பிடிக்குது. எனக்கு மண்ணுக்குள்ள போயிடலாம்னு இருந்துச்சு.

அப்புறம் மைக்கைக் குடுத்துக் கேள்வி கேக்கச் சொன்னாங்க. ஒரு பெரியவர் எழுந்து, "இது உங்க சொந்தக் கதையா?"ன்னாரு. தினா மைக்கைக் கையில வாங்கினான். ஜோயல் பக்கத்துல வந்து நின்னான். அப்புறம் தினா சொன்னான். "பாதி நடந்தது சார். காதல் நடந்தது. கதவு இன்னும் நடக்கல. எங்க அம்மாகிட்ட நான் இன்னும் சொல்லல. இங்கதான் உக்காந்திருக்காங்க. இப்பத்தான் சொல்றேன்."

எல்லாரும் கை தட்டினாங்க. எல்லாரும் தட்டறாங்களேன்னு நானும் தட்டிட்டேன். தட்டினதுக்கப்புறம்தான் அந்த அம்மா நான்தான்னு புரிஞ்சுது.

வெளியில வந்து மூணு பேரும் ஆட்டோவுல போறோம். நான் நடுவுல. ரெண்டு பக்கமும் ரெண்டு பேரும் என் வாயையே பாக்கறானுங்க. "அந்தப் பாவாடையை எடுத்துப் போட்டுட்டு எடுத்திருக்கலாம்"னேன். அவ்வளவுதான் வந்துச்சு. தினா வெளியில பாத்துக்கிட்டான். ஜோயல், "மறந்துட்டேம்மா"ன்னான்.

மறுநாள் ஊருக்கு வந்துட்டேன். வந்து அழுதேனான்னு கேப்பே. அழுவேனா நான்? நான் அழற ஜாதியே இல்லை. குளிக்கறப்ப, கொழாயைத் திறந்து விட்டுட்டு, கொஞ்சம் ஒரு மாதிரி இருந்துச்சு. அது வேற. அது இவன் ஒரு ஆம்பளையை விரும்பறான்னு இல்லை. இத்தனை வருஷம் ஒரே வீட்ல, ஒரே தட்டுல சாப்பிட்டுட்டு, இதை மனசுல வச்சுக்கிட்டு எத்தனை நாள் தனியா முழிச்சுக் கிடந்தானோ. நான் பக்கத்து ரூம்ல தையல் மிஷினை ஓட்டிக்கிட்டு இருந்திருக்கேன். அதுக்குத்தான். ரெண்டு நாள் சோறு இறங்கல, அது அசிடிட்டி. மாரியம்மன் கோவிலைச் சுத்தினேன், அது எப்பவும் சுத்தறதுதான், கொஞ்சம் கூடச் சுத்தினேன்.

அப்புறம்தாம்மா கோவம் வந்துச்சு. போனைப் போட்டேன். "நான் எப்படா அழுதேன்? நீ சொல்லி நான் அழுதனா? சொல்லாமயே நான் அழுவேன்னு நீயா எப்படிடா எழுதினே?"

"நீ அழுவேன்னு நினைச்சேம்மா."

"எதை வச்சு?"

"நான் மீசையை எடுத்தப்ப நீ மூணு நாள் அழுதே."

"அது முகம் பாக்க நல்லாயில்ல, அழுதேன்!"

"காலேஜை விட்டப்ப அழுதே. பைக் வாங்கினப்ப அழுதே. சிக்கன் சாப்பிட்டேன்னு சொன்னப்ப கதவைச் சாத்திக்கிட்டு அழுதே."

"அதெல்லாம் வேறடா!"

வேறதானேம்மா? மீசையும் இதுவும் ஒண்ணா? சின்ன விஷயத்துக்கு அழறவ பெரிய விஷயத்துக்கும் அழுவாள்னு யாரு சொன்னா? எங்க வீட்டுக்காரர் போனப்ப நான் அழவே இல்லை, அத்தனை பேருக்கும் காப்பி போட்டுக்கிட்டிருந்தேன். அது இவனுக்குத் தெரியாது, சின்னப் பையன்.

ஊர்லயும் சும்மா இருக்க விடறாங்களா? ராஜகிளி அக்கா வேலி ஓரமா வந்து, "தினாவுக்கு எங்கயும் பொண்ணு பாக்கலையா?"ங்கறா. எனக்குப் பொய் சொல்ல வராது. "நாகர்கோவில்ல அமைஞ்சிருக்குக்கா"ன்னேன்.

"அப்படியா! என்ன வேலை?"

"கேமரா."

"பொம்பளைப் பிள்ளை கேமராவெல்லாம் தூக்குமாடி?"

"நல்லாத் தூக்கும்க்கா. தண்ணித் தொட்டி மேலயே ஏறும்"னேன். இதுல ஒரு வார்த்தை பொய் உண்டா? நீயே சொல்லு.

சரி, அதுவும் ஆறிப் போச்சுன்னு இருக்கறப்ப, போன வாரம் தினா போன் பண்றான், குரல்ல அவ்வளவு சந்தோஷம். படத்தைத் தைவான்ல எடுத்துக்கிட்டாங்களாம். இந்த மாதிரி ஆம்பளை ஆம்பளையை விரும்பறது, பொம்பளை பொம்பளையை விரும்பறது, அந்தக் கதைங்களுக்குன்னே ஒரு விழாவாம். ஆசியா பூராவிலேர்ந்தும் படம் வருமாம். எனக்குச் சந்தோஷம்தான், இல்லைங்கல. ஆனா உடனே பக்குன்னுச்சு. "டேய், அப்ப என் அழுகை?"

"அதுவும்தாம்மா போகுது."

"ஜப்பான்காரன், கொரியாக்காரன் எல்லாம் கேப்பானேடா! தமிழ்நாட்டு அம்மான்னா கதவைச் சாத்திக்கிட்டு மாரடிக்கறவள்னு நினைச்சுக்க மாட்டானா?"

அதுக்கு ஜோயல் போனை வாங்கிச் சொல்றான். "அம்மா, கவலைப்படாதீங்க. அங்க வர்ற எல்லாப் படத்துலயும் ஒரு அம்மா அழுவாங்க. ஜப்பான்ல சத்தமில்லாம அழுவாங்க. பிலிப்பைன்ஸ்ல நம்மளை மாதிரி கத்தி அழுவாங்க."

"அவ்வளவு பேர் அழறாங்கல்ல, ஒருத்தி அழாம இருந்தா என்னப்பா கொறைஞ்சு போகும்?"ன்னேன். போனை மறுபடி தினாகிட்டயே குடுத்துட்டான்.

அதான் இன்னைக்குக் காலையில பஸ் ஏறி வந்துட்டேன். இவன், "அந்த அழுகைதாம்மா படத்துக்கு உயிர்"ங்கறான். "உயிரும் இல்லை ஒண்ணும் இல்லை, அது எங்க அக்கா மேல இருந்த கோவம். அதை எடுத்துட்டு என்னைப் பேச விடு. என் வாயால நான் சொல்றேன்"னேன்.

"நீ உள்ள கூப்பிட்டாலும் படத்துல அவங்க திரும்பிப் போயிடறாங்கம்மா. எடுத்தாச்சு. இப்ப மாத்த முடியாது."

"போகட்டும்டா. கூப்பிட்டும் போனானுங்கன்னு இருக்கட்டும். கூப்பிடாம உள்ள நின்னாள்னு எனக்குப் பேர் வேணாம்."

அதுக்குத்தான் ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டானுங்க. "அம்மா ஒருக்கா பேசட்டும்டா, கேட்டுத்தான் பாப்போமே"ங்கறான் ஜோயல். "நீ சும்மா இரு"ங்கறான் தினா. அப்படியே கீழே இறங்கிப் போயிட்டானுங்க. உன்கிட்ட, "லெவல் மட்டும் பாத்து வை, பர்வீன்"னுட்டு தினா போனான் பாரு, அதுலயே எனக்கு நம்பிக்கை. மனசு கொஞ்சம் இறங்கியிருக்கான்.

இது கண்ணீர் இல்லைம்மா. உங்க ஏசி கண்ணுல அடிக்குது. டிஷ்யூ வேணாம், முந்தானை இருக்கு.

பேசறதுக்கு நான் நல்லாத் தயார் பண்ணிட்டுத்தான் வந்திருக்கேன். பஸ்ல வர்றப்ப பூரா அதேதான். சொல்றேன், எப்படி இருக்குன்னு பாரு. "மகனே! ஊர் உலகம் ஆயிரம் சொல்லட்டும். ஒரு தாயின் உள்ளம் கடலை விடப் பெரியது..."

ஏன் சிரிக்கறே? நாடகம் மாதிரி இருக்கா? எனக்கும் எங்க ஊர்த் திருவிழா நாடகக்காரன் ஞாபகம் வந்துச்சு. சரி, இது வேணாம். இன்னொண்ணு வச்சிருக்கேன். "செல்வங்களே! அன்பு என்பது ஆண் பெண் என்று..." இதுவும் வேணாமா? பள்ளிக்கூட ஆண்டு விழாவாட்டம் இருக்கா. அப்ப என்னத்தைத்தான் சொல்றது? ஜப்பான்காரனுக்கும் புரியணும், எங்க தெருவுக்கும் புரியணும். இவ்வளவு நேரம் இதைப் பத்திப் பேசியிருந்தா ஒரு நல்ல டயலாக் ரெடி பண்ணியிருக்கலாம். உன்கிட்ட கதை சொல்லியே நேரம் போச்சு. எனக்குத் தண்ணி குடும்மா. தொண்டை கட்டிக்கிச்சுன்னா பேசறப்ப...

வந்துட்டானுங்க போல. படியில சத்தம் கேக்குது. பாரு, கதவைப் பாதி திறந்துட்டு நிக்கறானுங்க. ரெண்டு பேர் மூஞ்சியும் பாரு, பரிட்சை ரிசல்ட்டு பாக்க வந்தவனுங்க மாதிரி.

என்னடா அது, வேத்து ஆளு மாதிரி வாசல்லயே நின்னுக்கிட்டு? செருப்பைக் கழட்டிட்டு உள்ள வாங்க. ரெண்டு பேருந்தான்! உங்களை யாரு என்ன சொன்னா இப்ப? வாங்கடா உள்ள. வந்து கதவைச் சாத்துங்க.

ம்? என்னம்மா கையைக் காட்டறே? என்னது, பதிஞ்சிருச்சா? எது, இப்ப 'வாங்கடா உள்ள'ன்னு கத்தினதா? ஐயையோ, குரல் கரகரன்னு இருக்குமே! அதை அழிச்சிரு, பர்வீன். தினா, சொல்லுடா அந்தப் பொண்ணுகிட்ட. டேய், உன்னைத்தான். ஏன்டா சுவத்துப் பக்கம் திரும்பிக்கிட்டே? ஜோயல், இவனுக்கு என்னப்பா ஆச்சு? நீ ஏன் அவன் முதுகைத் தடவிக்கிட்டு என்னைப் பாத்துச் சிரிக்கறே? மறுபடி எதுக்கும்மா அதைப் போடறே, வேணாம்னு சொல்றேன்ல? அதுல ஒண்ணுமே இல்லையேம்மா. நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே!